நின்ற கல்லும் கிடந்த கல்லும்

அந்த ஆற்றங்கரை ஊர்களில் வீட்டுத் தோட்டம் அமைக்க வேண்டுமென்றால் மரகதவல்லியைத்தான் தேடி வருவார்கள். அவளிடம் ஒரு சீடர் இருந்தார். பெயர் ஞானசிகாமணி. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசானைவிடச் சீடருக்கு வயது மிகக் கூடுதல். அவர் அவளை "அம்மா" என்பார், அவள் அவரை "சார்" என்பாள். இதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

ஒருநாள் மரகதவல்லி, "இந்தத் தோட்டத்த நீங்களே போடுங்க சார்" என்று நர்ஸ் பிரமநாயகியின் வீட்டுக்கு அவரைத் தனியாக அனுப்பி வைத்தாள்.

பிரமநாயகி ஆயுசு முழுக்க ஆஸ்பத்திரி வார்டில் நின்றவள். பென்ஷன் வாங்கிய கையோடு ஊருக்கு வெளியே வீடு கட்டிக் கிணறும் வெட்டியிருந்தாள்.

"பூச்செடியெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம் சார். சாயங்காலம் அக்கடான்னு உக்கார ஒரு எடம் வேணும். அவ்வளவுதான்."

கிணறு வெட்டும்போது வந்த இரண்டு பாறைகள் முற்றத்தில் கிடந்தன. ஒன்று ஆள் உயரம். இன்னொன்று இடுப்பு உயரத்தில் அகலமாக, மேலே தட்டையாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் இருந்தது. ஞானசிகாமணிக்கு நெட்டைக் கல்லைக் கண்டதும் கை பரபரத்தது. ஜேசிபி வைத்துத் தூக்கி, தெருவேலியை ஒட்டிய மூலையில் செங்குத்தாக நட்டார். சுற்றிச் செம்மண் பரப்பினார். சப்பைக் கல்லைக் கிணற்றடிக்குத் தள்ளிவிட்டார். உட்காருவதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்.

நம் ஊரில் ஒரு கல்லை நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? முதல் வெள்ளிக்கிழமை யாரோ மஞ்சள் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் கல்லுக்குச் சிவப்புத் துணி வந்தது. ஆடி பிறந்ததும் கூழ்ப்பானையே வந்துவிட்டது. பிள்ளையில்லாத ஒருத்தி பக்கத்து வேப்பங்கன்றில் தொட்டில் கட்டினாள். வந்தவர்கள் எல்லாரும், "சிஸ்டர், துன்னூறு தாங்க" என்று திருநீற்றுக்குப் பிரமநாயகியிடமே கை நீட்டினார்கள். நாற்காலியில் செருப்பும் பையும் குவிந்தன.

அவள் ஞானசிகாமணியைக் கூப்பிட்டு விட்டாள்.

"சார், வார்டுலகூட டியூட்டி முடிஞ்சா உக்காருவேன். சொந்த வீட்டுல தட்டோட நிக்கேன். ஒண்ணு இந்தக் கல்ல எடுங்க. இல்ல, நான் வீட்ட வித்துட்டுப் போறேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. ஞானசிகாமணி ஜேசிபிக்காரனை ஓடிப்போய் அழைத்து வந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டான்.

"சாமிய நான் தொட மாட்டேன் சார்."

"போன மாசம் நீதானப்பா தூக்கி வச்ச."

"அப்ப அது கல்லு சார்."

ஞானசிகாமணி ஆசானிடம் போனார். அவள் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"அது கல்லாம்மா, சாமியாம்மா?" என்று கேட்டார்.

"நட்டது யாரு?"

"நான்தான்."

"எதுக்கு நிறுத்துனீங்க?"

"தெருவுல போறவங்க பாக்கணும்னு."

"பாத்துட்டாங்கல்லா."



மறுநாள் காலையில் மரகதவல்லியே வந்தாள். கல்லைச் சுற்றி வந்து பார்ப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் நாற்காலியில் இருந்த செருப்புகளைத் தட்டிவிட்டு, "உக்காருங்க சார்" என்றாள். உட்கார்ந்தார்.

"என்ன தெரியுது?"

"கல்லோட முதுகு."

அவள் பிரமநாயகியிடம் திரும்பினாள்.

"அந்த மூலைய விட்டுக் குடுப்பீங்களா சிஸ்டர்? வேலிய உள்ள தள்ளிப் போடுதேன்."

"தாராளமா. சாமிக்குக் குடுத்து நான் கொறஞ்சா போவேன்? என்னைய விட்டாப் போதும்."

வேலியைப் பிடுங்கி உள்ளே தள்ளி நட்டார்கள். கல்லும் வேப்பங்கன்றும் தொட்டிலும் தெருவோடு சேர்ந்துகொண்டன. தொட்டில் கட்டியவளே வந்து கம்பு பிடித்துக் கொடுத்தாள். இனி யாரிடமும் கேட்காமல் கும்பிடலாம் என்பதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

பிறகு கிணற்றடிச் சப்பைக் கல்லை மாமரத்தடிக்கு நகர்த்தினார்கள். மரகதவல்லி பிரமநாயகியை அருகே நிற்க வைத்து, அவள் முழங்கால் உயரத்தைக் கம்பில் குறித்துக்கொண்டாள். ஆழமாகக் குழி வெட்டிக் கல்லைக் கிடத்தினாள். பாதிக்கு மேல் மண்ணுக்குள் போனது. வெளியே நின்றது குறித்த உயரம்தான்.

ஞானசிகாமணிக்கு மனசு கேட்கவில்லை.

"இம்புட்டுப் பெரிய கல்லுன்னு இனி யாருக்கும்மா தெரியும்?"

அவள் கல்லைச் சுற்றி மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். அவரும் சேர்ந்து மிதித்தார்.

வெயில் தாழ்ந்ததும் பிரமநாயகி காப்பி டம்ளரோடு வெளியே வந்தாள். மாமரத்தடிக்குப் போனாள். செருப்பை உதறினாள். கல்லில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ மணி அடித்தார்கள். அவள் திரும்பவில்லை. கிளையில் ஓடிய அணிலைப் பார்த்துக்கொண்டு காப்பியை ஆற்றிக் குடித்தாள்.

நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று ஞானசிகாமணி குழாயடியில் காத்து நின்றார். அவள் காலைக்கூட நீட்டிக்கொண்டாளே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. அவர் மெல்ல ஆசானின் பக்கம் குனிந்தார்.

"கல்ல ஒரு தடவகூடப் பாக்கலியேம்மா."

மரகதவல்லி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்துட்டாங்கல்லா."