அவள் சோறு போட்டாள்

மனைவி சிவகாமி இறந்துபோன பிறகு தணிகாசலத்துக்குப் பேச்சுத்துணை மற்றவர்களின் எழுத்துதான். சொந்தச் செலவில் புத்தகம் போடுகிறவர்களுக்குப் பிழை திருத்திக் கொடுத்துப் பிழைத்துவந்தார். புத்தகம் அச்சாகும்வரை எழுதியவர் ஓயாமல் போனில் கூப்பிடுவார். அச்சானதும் கூப்பிடமாட்டார். வீடு மறுபடி அமைதியாகிவிடும்.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் மங்கையர்க்கரசி. வயதில் மிகவும் சின்னவர். இருந்தாலும் தணிகாசலம் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போய், கையிலிருந்த தாள்கட்டை மேசைமேல் வைத்தார்.

"இந்த வேலையை விட்டுடலாம்னு இருக்கேன், டீச்சர்."

"என்ன ஆச்சு, சார்?"

"பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். செத்துப்போன சம்சாரத்தைப் பத்தி எழுதியிருக்கார். பார்த்துப் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன். 'நல்லா இருக்குங்க, ஆனா இது என் சம்சாரம் இல்லை'ன்னு திருப்பிக் கொடுத்துட்டார். எங்கே தப்பு பண்ணினேன்னு தெரியலை."

மங்கையர்க்கரசி தாள்களைப் புரட்டினார். ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையாக இருந்தது.

"இங்கே எதை அடிச்சீங்க?"

"ஒரே வரி திரும்பத் திரும்ப வருது. ஒரு தடவை இருந்தாப் போதும்னு மீதியை எடுத்துட்டேன்."

"அடிச்சதையும் சேர்த்து, வாய்விட்டுப் படிங்க."

தணிகாசலம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

"வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு வந்தேன். அவள் சோறு போட்டாள். மழையில் நனைந்து வந்தேன். அவள் சோறு போட்டாள். அவளிடம் சண்டை போட்டு வெளியே போய்விட்டு வந்தேன். அவள் சோறு போட்டாள். காய்ச்சலோடு எழுந்து வந்து..."

கண்ணாடியைக் கழற்றினார். தாளைக் கீழே வைத்தார்.

மங்கையர்க்கரசி உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இருந்தாலும் டீச்சர்," என்றார் தணிகாசலம், "பக்கம் பூரா இதே வந்தா, அலுத்துப்போகாதா?"

"சிவகாமி அக்கா போட்டப்போ உங்களுக்கு அலுத்துச்சா, சார்?"