செண்பாவின் கடைசி விறகு அடுக்கு

பனி கொட்டும் மலைக்காட்டில் செண்பா என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். புருஷன் பெயர் மாடப்பன். முள்கூட முற்றாத இரண்டு குட்டிகள். செண்பா நல்ல உழைப்பாளி. ஆனால் கூச்சம் என்றால் அப்படி ஒரு கூச்சம்! யார் என்ன கேட்டாலும் "இல்லை" என்று சொல்ல அவளுக்கு வாயே வராது.

அந்தக் காட்டில் விறகு விற்பவன் நரி. தண்ணீரில் ஊறவைத்து, கனமாக்கி விற்பான். பனிக்காலம் வந்தால் போதும், செண்பா வீட்டுக் கிழங்கில் பாதி அவன் வாசலுக்குப் போய்விடும். குட்டிகளுக்கு அரை வயிறுதான். அந்த விறகும் கணப்பில் சூட்டைவிடப் புகையைத்தான் அதிகம் கொடுக்கும்.

இந்த வருஷம் ஆடிக்காற்றில் அவர்கள் வளைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மரம் சாய்ந்தது!

"ஏங்க, ஓடி வாங்க!" என்று செண்பா குதித்தாள். "இனிமே நரிகிட்ட எதுக்குப் போகணும்? நாமளே கொறிச்சுத் துண்டு போடுவோம். பாதி நம்ம கணப்புக்கு. மீதியை வித்தா பிள்ளைங்களுக்குக் கிழங்கு!"

"அம்மாடி! பல்லு தேஞ்சு போயிடும் புள்ள!"

"தேஞ்சா வளருது, வாங்க!"

கறக் கறக் என்று பாதி மரத்தைக் கொறித்துத் தள்ளினாள். மாடப்பன் துண்டுகளை உருட்டிக்கொண்டு போய், காற்றுப் புக இடைவெளி விட்டுப் பாறைமேல் அடுக்கினான். விறகு நன்றாகக் காய்ந்தது. ஒன்றோடொன்று தட்டினால் மணி மாதிரிச் சத்தம்!

செய்தி காடெல்லாம் பரவிவிட்டது. கரடி தேனோடு வந்தது. காட்டுப்பன்றி கிழங்கோடு வந்தது.

"தங்கச்சி, உன் விறகைப் போட்டா தீ சும்மா சிரிக்குது! இன்னொரு கட்டு குடேன்" என்றது பன்றி. கொடுத்தாள்.

"நம்ம செண்பா பெரிய ஆளாயிட்டா!" என்றது கருமந்தி. வெட்கத்தில் அதற்கும் ஒரு கட்டு கொடுத்தாள்.

கிழங்கு தோண்டப் போன மாடப்பன் திரும்பி வந்து பாறையைப் பார்த்தான். ஒரே ஒரு அடுக்குதான் மிச்சம்!

"நம்ம பங்கு எங்க புள்ள?"

"அது... எல்லாரும் ஆசையா கேட்டாங்க..."

"இதையும் ஒருத்தர் ஆசையா கேட்டா?"

அன்று சாயங்காலமே புல் நுனியெல்லாம் வெள்ளை பூத்தது. உறைபனி வந்துவிட்டது!

கணப்பு மூட்டப் போகும் நேரத்தில் நரி வந்தான். உடம்பை வெடவெடவென்று ஆட்டினான்.

"அக்கா! என் பிள்ளைங்க வெறச்சுக் கிடக்குதுங்க. வீட்டுல ஒரு சுள்ளி இல்லை. அந்தக் கடைசி அடுக்கைக் கொடுத்துடு. கூடை நிறையக் கிழங்கு தர்றேன்!"

இவள் கை காலியானால் நாளைக்கே நம் ஈர விறகுக்கு வந்து நிற்பாள் என்பது அவன் கணக்கு.

"சரி, எடுத்..." என்று செண்பாவின் வாய் பாதி திறந்துவிட்டது. அப்போது சின்னக் குட்டி அவள் வயிற்றில் மூக்கை ஒட்டியது. ஐஸ் மாதிரி இருந்தது! திடுக்கிட்டு நிமிர்ந்தாள். நரி மேலிருந்து குப்பென்று ஒரு வாசம்.

"அண்ணே, உங்க மேல புகை வாசம் தூக்குதே! கணப்புப் பக்கத்துல இருந்துதானே எந்திரிச்சு வர்றீங்க?"

"இது... இது போன வருஷத்துப் புகை அக்கா!"

மாடப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. செண்பாவுக்கு வரவில்லை.

"இல்லை!" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது என் பிள்ளைங்க விறகு. தர மாட்டேன்!"

முள்ளெல்லாம் சரசரவென்று நிமிர்ந்தன. திரும்பி நின்று, பின்பக்கமாகவே பாய்ந்தாள்!

"ஐயோ, பின்னாலயுமா வருவே!" என்று அலறி ஓடினான் நரி. அவன் மூக்கில் இரண்டு முள் ஆடிக்கொண்டே போயின.

கணப்பில் தீ பிடித்தது. புகையே இல்லை! குட்டிகள் சுட்ட கிழங்கை ஊதி ஊதித் தின்றன. விடிந்ததும் செண்பா மீதி மரத்தைக் கொறிக்கப் போனாள். முதல் அடுக்கைக் காயவைத்து வளைக்குள்ளே வைத்த பிறகுதான் கரடிக்குக் குரல் கொடுத்தாள்.

தன் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை விற்பவரின் உழைப்புதான் வீட்டில் தங்கும்.