மாசானம் வீட்டுக்கு ஒரு கொட்டான் அவல்

பொத்தையடி மடத்தில் காலைச் சாப்பாடு ஒன்றே ஒன்றுதான். வறுத்த அவல். மடம் என்றதும் நெய் வழியும் பொங்கலை நினைத்துக்கொண்டு வந்தவர்கள் இரண்டே நாளில் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டாமல் மிஞ்சியவர்கள் அந்த வருஷம் பதினோரு பேர்.

வேலை பெரிய வேலை இல்லை. கெட்டி அவலை மொறுமொறுவென்று வறுக்க வேண்டும். நிலக்கடலை தனியாக, தேங்காய்ப் பல் தனியாக, எள் கடைசியாக. கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சி, சுக்குத்தூள் தூவி, எல்லாவற்றையும் அதில் போட்டுப் புரட்டிச் சுளகில் பரப்பினால், ஆறியதும் உதிர் உதிராக வந்துவிடும். பத்து நாள் கெடாது.

வறுக்கிறவர் தாணு. ஐம்பத்தாறு வயது. மடத்தின் குரு உலகம்மைக்கு நாற்பது. தன்னைவிடப் பதினாறு வயது இளையவளை அவர் ‘தாயே’ என்று கூப்பிட்டார். முதல் நாள் கூச்சமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அந்த ஐப்பசியில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. வந்த வேகத்தில் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிற்று.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். காலம் காலமாக அதுதான் வழக்கம். ஆனால் காய்ச்சல் வந்ததும் அக்கம்பக்கம் கதவைச் சாத்திக்கொண்டது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வழக்கத்தை விட்டு அடுப்பைப் பற்றவைக்கவும் அவர்களுக்கு மனசு வரவில்லை.

அதனால் மடத்து அவல் ஊருக்குள் போக ஆரம்பித்தது. ஒரு வீட்டுக்கு ஒரு ஓலைக்கொட்டான். மூன்று பேருக்குக் காணும்.

அடுத்தவர் கைச் சோற்றில்தான் காய்ச்சல் பரவுகிறது என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். ஆகவே உலகம்மை ஒரு விதி வைத்தாள். கொண்டுபோகிறவர் அந்த வீட்டார் கண்ணெதிரே உட்கார்ந்து முதல் பிடியைத் தான் சாப்பிட வேண்டும்.

தாணு ஒரு நாளும் கொட்டான் தூக்கிப் போனதில்லை. வறுப்பதோடு சரி. மடத்தில் நான்கு பேர் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் அவர் முறை வந்தது.

அன்று விடிந்ததும் உலகம்மை அடுக்களை வாசலில் நின்று வீடுகளைச் சொன்னாள். ஏழு வீடு. ஆறு பேர் ஆளுக்கொரு வீட்டை எடுத்துக்கொண்டார்கள்.

“மாசானம் வீடு. பையன். நேத்து சாயங்காலம் அடக்கம் பண்ணிட்டாவ. தாணு, அது உமக்கு.”

தாணுவின் கையில் கரண்டி நின்றது.

மாசானத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் தாணுவின் மகள் வடிவைப் பாம்பு தீண்டியது. பதினோரு வயது. ஆஸ்பத்திரி ஏழு மைல். ஊரில் வண்டி வைத்திருந்தவன் மாசானம் ஒருவன்தான். இரண்டு பேருக்கும் வாய்க்கால் தகராறு இருந்தது. தாணு அவன் வாசலில் பிள்ளையைக் கிடத்திக் காலைப் பிடித்தார். “மாட்டுக்குக் கால் நோவு, கட்ட முடியாது” என்றான் மாசானம். மாடு நான்கு காலிலும் நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

தாணு மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூன்றாவது மைலில் அவள் தலை துவண்டது. அன்று சாயங்காலமே அதே வண்டி சந்தைக்குப் போனதை ஊரே பார்த்தது. இரண்டு மாதத்தில் அவர் மனைவி செல்லமும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு அவருக்கு அந்த ஊரில் வேலையில்லை. மடத்துக்கு வந்துவிட்டார்.

தாணு பாகு காய்ச்சினார். அன்று பாகு முறுகிக் கறுத்துவிட்டது. கை தவறியதா, மனசு தவறியதா என்று அவருக்கே தெரியாது. அவலை அதிலேயே கொட்டிப் புரட்டினார்.

உலகம்மை ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். எட்டிக்காய்க் கசப்பு. துப்பவில்லை. மென்று விழுங்கினாள்.

“இது நமக்கு,” என்றாள்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அதைச் சாப்பிட்டார்கள். யாரும் தாணுவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களில் கோமதிநாயகம் என்பவன் மட்டும் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தான். பழைய அவலில் மிச்சமிருந்ததை ஆறு கொட்டானில் நிரப்பிக்கொண்டு ஆறு பேரும் கிளம்பினார்கள். ஏழாவது கொட்டானுக்கு அவல் இல்லை.

“திரும்ப வறும்,” என்றாள் உலகம்மை.

தாணு சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கருப்பட்டியைத் தட்டினாள்.

“தாயே, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லும்.”

“அந்தப் பையன் போயிட்டான்னு கேட்டதும் எனக்குச் சந்தோசமா இருந்தது.”

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“இப்பவும் இருக்கா?”

“இருக்கு.”

“சரி.”

“இந்த மனசை வச்சுக்கிட்டு அந்தப் படியில ஏறலாமா?”

“அவன் உம்ம மனசைக் கேக்கலை. பட்டினி கெடக்கான்.”

தாணு அவலைக் கிண்டினார். பாகை அடுப்பில் ஏற்றிவிட்டு மறுபடியும் கேட்டார்.

“மன்னிச்சிட்டுப் போகணுமா? இல்ல, போனா மன்னிக்க வந்திருமா?”

“பாகு பதம் வந்துட்டு. இறக்கும்,” என்றாள் உலகம்மை.

இறக்கினார். இந்தத் தடவை பாகு தேன் நிறத்தில் இருந்தது.

மாசானம் வீட்டுத் தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. அவன் வீட்டுக் கதவு மட்டும் திறந்து கிடந்தது. முற்றத்தில் வண்டி நுகத்தடியைத் தரையில் ஊன்றிக் கிடந்தது. மாசானம் அதன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரே நாளில் அவனுக்குப் பத்து வயசு கூடிப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் தாணுவின் நெஞ்சில் மறுபடியும் அந்தச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அவருக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் அது போகவில்லை.

மாசானம் நிமிர்ந்தான்.

“நீரா?”

“மடத்துல இருந்து அவல்.”

“வெசம் கலந்திருக்கீரா?”

“இல்லை.”

“கலந்திருந்தாலும் தாரும். ஒரே வாயில முடிஞ்சிரும்.”

தாணு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கொட்டானைத் திறந்து ஒரு பிடி அள்ளினார். வாய் வரைக்கும் கை வந்துவிட்டது. இவன் முற்றத்தில், இந்த வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இனிப்பைத் தின்பதா? வடிவு இதே மண்ணில்தான் கிடந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மென்றது கல்லாக இறங்கியது.

கொட்டானை அவன் பக்கம் தள்ளினார்.

மாசானம் முதலில் நாலு அவலை எடுத்தான். பிறகு ஒரு பிடி. பிறகு இரண்டு கையாலும் அள்ளித் தின்றான். கண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, வாய் பாட்டுக்கு மென்றுகொண்டிருந்தது. எவ்வளவு துக்கத்திலும் வயிறு தன் வேலையைப் பார்க்கிறது. தாணு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேத்து விடியுமுன்ன மாட்டைப் பூட்டிட்டேன்,” என்றான் மாசானம். “அடிச்சு வெரட்டிக்கிட்டு ஓடினேன். வெயில் ஏறுமுன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன் வே. வண்டி இருந்தும் பையன் போயிட்டான்.”

அப்படியென்றால் வடிவும் எப்படியும் போயிருப்பாள் என்கிறானா? அவர் கை தரையில் கிடந்த சாட்டைக்கம்பு வரைக்கும் போய், அங்கேயே நின்றது.

“அன்னைக்கு மாட்டுக்குக் கால் நோவு இல்லை,” என்றான் மாசானம்.

“தெரியும்.”

மாசானம் மன்னிப்புக் கேட்கவில்லை. கொட்டானின் மூலையில் ஒட்டியிருந்த எள்ளை விரலால் வழித்து நக்கினான். தாணு காலிக் கொட்டானை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அவர் மடத்துக்குத் திரும்பினார். உலகம்மை கிணற்றடியில் சுளகு கழுவிக்கொண்டிருந்தாள். தாணு கொட்டானை அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்.

“போனேன் தாயே. முதல் பிடி நான் சாப்பிட்டேன். மிச்சத்தை அவன் தின்னான். ஒரு பருக்கை மிச்சமில்லை.”

“நல்லது.”

“ஆனா ஆறலை. அவனைப் பாக்கப் பாக்கக் கூடத்தான் செய்யுது. மன்னிக்க என்னால முடியலை. போனது வீண்தானே?”

உலகம்மை சுளகை உதறி வெயிலில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அந்தப் பையனைப் பெத்தவ சாப்பிட்டாளா?”

தாணு காலிக் கொட்டானைத் திருப்பிப் பார்த்தார்.

மாசானத்துக்குப் பெண்டாட்டி உண்டு. ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும். அவள் அந்த வீட்டில் எந்த மூலையில் கிடந்தாள் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. மாசானத்தைத் தவிர அவர் அங்கே எதையும் பார்க்கவில்லை.

வடிவு போன பிறகு அந்த இரண்டு மாதமும் செல்லம் தன் வீட்டில் எந்த மூலையில் கிடந்தாள் என்று யோசித்தார்.

அதுவும் தெரியவில்லை.