நந்தவன மதிலில் ஆடிய கற்கள்

கருங்காலிக்கோட்டையை ஆண்ட அனந்தபூபதி மகாராஜாவுக்கு அவருடைய நந்தவனம் என்றால் உயிர். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலாக ஒரு மதில். மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்காமல் இருக்க, மதிலின் தலையில் வரிசையாகப் பலகைக்கற்கள். பதித்தவன் வேலாண்டி என்ற கொத்தன்.

ஒரு நாள் அந்தக் கற்களில் ஒன்று பெயர்ந்து, வெளியே ஒரு வியாபாரியின் பூசணிக்காய்க் கூடைக்குள் தொப்பென்று விழுந்தது. நல்லவேளை, வியாபாரி கூடையைத் தலையிலிருந்து இறக்கி வைத்திருந்தான். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? ஏறிப் பார்த்தால் இன்னும் சில கற்கள் வயசானவர் பல் மாதிரி ஆடின.

மறுநாள் வேலாண்டியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"சுண்ணாம்பைத் திருடிவிட்டு மண்ணைக் குழைத்துப் பதித்திருக்கிறான், மகாராஜா! இவனை நாடு கடத்த வேண்டும்!" என்று குதித்தார் மந்திரி காளத்தியப்பர்.

"ஆமாம், ஆமாம். வேறு காரணமே இருக்க முடியாது," என்றார் மகாராஜா, கொஞ்சம் அவசரமாகவே. "இன்று பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிவிடு."

வேலாண்டி தரையில் விழுந்தான். "சாமி, வீட்டுக்காரிக்கு இது நிறைமாசம். எந்த ஊருக்குன்னு கூட்டிக்கிட்டுப் போவேன்?"

விதூஷகன் மருதப்பன் எழுந்தான். அவனைப் பார்த்ததும் மந்திரி சட்டென்று இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"மகாராஜா, ஒரு நாழிகை கொடுங்கள். கற்களைப் பார்த்துவிட்டு வருகிறேன்."

"கல்லில் பார்க்க என்ன இருக்கிறது?" என்றார் மந்திரி.

"கல்தான் இருக்கிறது. அதற்கே இப்படிப் பயப்படுகிறீர்களே!"

மகாராஜா வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். மருதப்பன் கொத்தனை அழைத்துக்கொண்டு மதிலுக்குப் போனான்.

"பாருங்கய்யா," என்று ஒரு கல்லைத் தூக்கிக் காட்டினான் வேலாண்டி. "சுண்ணாம்பு இரும்பு மாதிரி இருக்குது. மழையில போன கல்லு இல்லைங்க இது. தினம் யாரோ மேலே உட்கார்ந்து, அப்படி இப்படி அசைஞ்சு, எட்டி எட்டிப் பார்த்து ஆட்டிவிட்ட கல்லு."

"இதைச் சபையில் சொல்வதற்கென்ன?"

வேலாண்டி சுற்றுமுற்றும் பார்த்தான். கல் இடுக்கில் சிக்கியிருந்த ஒரு நூலை இரண்டு விரலால் எடுத்து நீட்டினான். பளபளவென்று சரிகை நூல்.

"இதை நான் எப்படிங்கய்யா சொல்லுவேன்? கழுத்துல இருக்கறது ஒரே தலை."

மருதப்பன் நூலை மடியில் முடிந்துகொண்டான். சபைக்குத் திரும்பினான்.

"காரணம் தெரிந்துவிட்டது, மகாராஜா. மதிலுக்கு வெளியே ஒரு கிணறு இருக்கிறது. அங்கே சாயங்காலமானால் மாரக்காள் என்று ஒருத்தியும் பொம்மி என்று ஒருத்தியும் சண்டை போடுகிறார்கள். அதில்தான் கற்கள் ஆடுகின்றன."

"சண்டையில் கல் ஆடுமா?"

"கேளுங்கள். இது பத்து நாளாக நடக்கிற சண்டை. பொம்மி காயப்போட்டிருந்த அப்பளத்தை மாரக்காளின் ஆடு தின்றுவிட்டது..."

மகாராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார்.

"அந்த ஆடு இருக்கிறதே, அது கறுப்பு ஆடு. கொம்பு கூட..."

மகாராஜாவின் கால் தாளம் போட்டது. உதட்டைக் கடித்துப் பார்த்தார்.

"ஆட்டைப் பிடித்து பொம்மி கட்டிப்போட்டாள். ஆடு என்ன செய்தது தெரியுமா? அந்த ஆடு..."

"ஆடு இல்லையடா, சேவல்!" என்று கத்திவிட்டார் மகாராஜா. "சிவப்புச் சேவல்! சேவல்தான் அப்பளத்தைத் தின்றது!"

"அப்பளம் எங்கே வந்தது? கூழ்வடகம், மகாராஜா!" என்றார் மந்திரி. "ஒரு தட்டு கூழ்வடகம். பொம்மி எள்ளுப் போட்டுப் பிழிந்தது."

சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் திரைக்குப் பின்னாலிருந்து மகாராணியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். சேவல் பாவம், அது கவிழ்த்த கூடைக்குள் அடைந்து கிடந்தது. வடகத்தைத் தின்றது மாரக்காளின் புருஷன்! தின்றுவிட்டுச் சேவல் மேல் பழியைப் போட்டான். நேற்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் நீங்கள் இறங்கிப் போய்விட்டீர்களாக்கும்?"

காவலாளி ஒருவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, ஈட்டியைக் கீழே போட்டுவிட்டான்.

மருதப்பன் சரிகை நூலை எடுக்கவே இல்லை. கைகூப்பி நின்றான்.

"மகாராஜா, மழையைத் தாங்கத்தான் வேலாண்டி அந்தக் கல்லைப் பதித்தான். அது பத்து நாளாக ஒரு ராஜாங்கத்தையே தாங்கியிருக்கிறது. இவன் வேலையில் குற்றம் உண்டா?"

மகாராஜா முறைக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மீசை துடித்தது, தோள் குலுங்கியது, சிரித்துச் சிரித்துக் கிரீடம் காது வரை இறங்கிவிட்டது.

"குற்றம் என்னுடையது, வேலாண்டி. நீ எங்கேயும் போக வேண்டாம். பிள்ளை இந்த ஊரிலேயே பிறக்கட்டும்." தம் கைக்காப்பைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "கற்களை மறுபடி பதித்துவிடு. இனி ஆடக்கூடாது."

வேலாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். உடனே அவனுக்குத் தொழில் ஞாபகம் வந்துவிட்டது.

"பதிச்சிடறேன், மகாராஜா. உட்காரத் தோதா அகலக் கல்லாப் போட்டுடறேன். எத்தனை பேருக்குங்க?"

மகாராஜா திரையைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார். "மூன்று பேருக்கு," என்றார். சட்டென்று மருதப்பன் பக்கம் திரும்பினார். "அது சரி, ஆடு தின்னவில்லை, அப்பளமும் இல்லை என்று தெரிந்துதானே இவ்வளவு தப்பாகச் சொன்னாய்? உனக்கு எப்படித் தெரியும்?"

மருதப்பன் தலையைச் சொறிந்தான்.

"வேலாண்டி," என்றான், "நாலாகவே போட்டுவிடு."