தொட்டியம்பாளையத்து வரவேற்புக் குழு

தொட்டியம்பாளையத்து நூல் மில்லில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். வந்து மூன்று வருஷமாகியும் ஊரில் ஒருவர்கூட அவர்களை ஒரு காதுகுத்துக்கும் அழைத்ததில்லை. மனம் விட்டுப்போய் முப்பது குடும்பங்கள் ஊர் திரும்ப மூட்டை கட்டத் தொடங்கின.

விஷயம் தெரிந்ததும் நகராட்சித் தலைவி செங்கமலம், ஊரே கூடி அவர்களுக்கு விருந்து வைக்கலாம் என்றார். வரவேற்புக் குழுவுக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது மூன்று பேர் கை தூக்கினார்கள். தையல்கடை ஏகாம்பரம், அவர் மைத்துனன் பூவலிங்கம், ஓய்வுபெற்ற தபால்காரர் தெய்வசிகாமணி. மூவரும் ரொம்ப நல்லவர்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வருகிறவர்களை இரு கை நீட்டி வரவேற்க வேண்டும், சொந்த வீட்டில் இருப்பதுபோல் அவர்கள் உணர வேண்டும், அவர்களைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டும் என்று செங்கமலம் சொல்லியனுப்பினார். தெய்வசிகாமணி ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார்.

அவர்களுடைய சொந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியாததால் மில் குடியிருப்புக்கு விசாரிக்கப் போனார்கள். அங்கே பினோதினி என்ற பெண் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. சாக்கைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னாள். ஓலைக் கூரையாம். மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகுமாம். ஆடு உள்ளே வந்து படுத்துக்கொள்ளுமாம். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே மூவரும் கல்யாண மண்டபத்துக் கூரையில் ஏறி ஓடுகளைப் பிரித்தார்கள்.

"மூணு இடம்னுதானே சொன்னாங்க? நாலு பிரிச்சிருக்கே" என்றார் ஏகாம்பரம்.

"விருந்தாளிங்களாச்சே மாமா. ஒண்ணு கூடவே இருக்கட்டும்" என்றான் பூவலிங்கம்.

"மழை வரலைன்னா?" என்று தெய்வசிகாமணி கவலைப்பட்டார். குடத்தோடு கூரைமேல் உட்கார்ந்துகொள்வதாகப் பூவலிங்கம் பொறுப்பேற்றான்.

விருந்தன்று ஏகாம்பரமும் தெய்வசிகாமணியும் மண்டப வாசலில் நான்கு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்கள். மடக்கச் சொல்லி உத்தரவு இல்லாததால் மடக்கவில்லை. யாராலும் உள்ளே போக முடியவில்லை. கடைசியில் பினோதினி சிரித்துக்கொண்டே கைகளுக்கடியில் குனிந்து நுழைந்தாள். அவளைப் பார்த்து ஊரே குனிந்து போயிற்று.

முதல் பந்தி உட்கார்ந்ததும் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டியது. நகராட்சித் தலைவியின் நாற்காலியில் ஒரு ஆடு படுத்திருந்தது. ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். பினோதினியோ வழக்கம்போல எழுந்து ஒழுகுகிற இடத்தில் அண்டாவை வைத்தாள். பக்கத்துத் தெருப் பெண்கள் மற்ற இடங்களுக்கு வாளி கொண்டு வந்தார்கள். நனையாத மூலையில் எல்லோரும் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பினோதினியின் புருஷனைத் தலைமேல் தூக்கப்போய் ஏகாம்பரம் விழ, பத்துப் பேர் ஓடி வந்து இருவரையுமே தூக்கினார்கள். சாப்பாடு முடிவதற்குள் இரண்டு கல்யாணங்களுக்கு அழைப்பு வந்துவிட்டது. மறுநாள் முப்பது குடும்பமும் மூட்டையைப் பிரித்தது.

"இனி இந்த ஊர்ல வெளியூர்க்காரங்கன்னு யாருமே இல்லை" என்று செங்கமலம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்.

குழுவுக்கு இடி விழுந்தது போலாயிற்று. அப்படியானால் இனி யாரை வரவேற்பது? நெடுநேரம் ஆலோசித்து, தாங்களே வெளியூர்க்காரர்களாக வருவது என்று தீர்மானித்தார்கள். பெட்டியோடு பஸ் ஏறி அடுத்த ஊரில் ஒரு டீ குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

"இந்த ஊரு வரவேற்புக் குழு சரியில்லை" என்றார் தெய்வசிகாமணி. மற்ற இருவரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

மில் வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்த பினோதினி, என்ன அண்ணா இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று விசாரித்தாள்.

ஏகாம்பரம் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நாங்க ஊருக்குப் புதுசும்மா. எங்க வீட்டுக்கு எப்படிப் போகணும்?"

அவள் மூவரையும் கூட்டிக்கொண்டுபோய், அவரவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.