மலையிறக்கம்

"அம்மணி, சரியாத்தானே மாட்டியிருக்கேன்? எதுக்கு மறுபடி கழட்டச் சொல்றீங்க?"

சென்னியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கோத்தகிரி மலைப்பாதையில் இருபது வருடம் வேன் ஓட்டியவர். மூன்று மாதம் முன்பு இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேனை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். உள்ளே பதினோரு பேர். ஒருவருக்கும் அடியில்லை.

அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"பிரேக் வேலையை நானே கத்துக்கணும்" என்று மெக்கானிக் ஜெசிந்தாவின் பட்டறைக்கு வந்து நின்றார். அவளுக்கு முப்பத்து நாலு வயது. சரி என்றாள்.

அன்று அவர் வேனின் முன்சக்கரம் இரண்டுக்கும், சக்கர டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் புது காலிப்பர், புது பேடு. ஜெசிந்தா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்பேனரைத் தொடவேயில்லை.

"சரியாத்தான் இருக்குதுங்ணா" என்றாள்.

"அப்புறம்?"

"உங்க கை நடுங்குது."

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். போல்ட்டைக் கழற்றினார்.

மூன்றாம் முறை மாட்டி முடித்தபோது மதியம் தாண்டிவிட்டது. அவள் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள். பிறகு பிரேக் பெடலை மிதித்துக் கொடுத்தாள். அவர் பிரேக் பைப்பிலிருந்த காற்றை வெளியேற்றினார். சக்கரங்களைப் பூட்டினார்கள்.

"ஏறி மிதிச்சுப் பாருங்க."

மிதித்தார். பெடல் தரைவரை போய்விட்டது.

அவருக்கு முகம் வெளுத்தது. "அம்மணி! அன்னிக்கும் இப்படித்தான்..."

"பேடு இன்னும் டிஸ்க்கோட சேரல. மறுபடி மிதிங்க."

"முடியாது."

"நான் இங்கதான் நிக்கறேன். மிதிங்க."

இரண்டாவது மிதியில் பாதியில் நின்றது. மூன்றாவதில் இன்னும் மேலே. நான்காவதில் கல் மாதிரி நின்றது. அவர் பாதத்தை எடுக்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறைக்கு முன்னிருந்த சமதளத்தில் பத்துத் தடவை அவரையே ஓட்டி நிறுத்தச் செய்தாள்.

"இப்ப கீழ போகலாம்" என்று ஜெசிந்தா முன்சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "மேட்டுப்பாளையம் வரைக்கும்."

"இறக்கத்துல நீங்க ஓட்டுங்க."

அவள் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் ஓட்டினார்.

முதல் வளைவு. இரண்டாவது. எட்டாவது வளைவு நெருங்கியதும் மண்மேடு தெரிந்தது.

"அம்மணி, இந்த இடத்துலதான்..."

பதில் இல்லை.

"எனக்கு இந்தப் பயம் எப்பத்தான் போகும்?"

பதில் இல்லை. சென்னியப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார்.

ஜெசிந்தா ஜன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் தூக்கம் கலைந்துவிடாதபடி, மெல்ல பிரேக்கை மிதித்தார்.