தன் மரத்தில் இறங்காத கூழைக்கடா

காட்டு நடுவில் இருந்த பேரேரியில் நாமக்கோழி ஒருவர் இருந்தார். உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். பறப்பதென்றால் அவருக்கு மகா சோம்பல். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருப்பார். ஆனால் அந்தக் காட்டிலேயே பெரிய பறக்கும் கம்பெனியை நடத்தியவர் அவர்தான்!

கம்பெனியின் பெயர் நெடுவான் சேவை. தொலைதூரம் போக வேண்டிய தவளை, அணில், ஆமை, நண்டு எல்லோரும் பேரேரிக் கரைக்கு வந்து காத்திருப்பார்கள். கூழைக்கடாக்கள் அவர்களைத் தங்கள் பெரிய அலகுப் பையில் ஏற்றிக்கொண்டு பறக்கும். அவசரமாகப் போகிற ஒற்றை ஆளுக்கு நாரையின் முதுகு. சேதி சொல்லவும் சின்னப் பொட்டலம் கொண்டுபோகவும் மீன்கொத்தி.

கம்பெனிக்கு விதிகள் உண்டு. பயணியை விழுங்கக் கூடாது. இதுதான் முதல் விதி. இது இல்லாவிட்டால் தவளைகள் ஏறுமா? பாம்பையும் எலியையும் ஒரே பையில் ஏற்றக் கூடாது. நண்டு ஏறுவதற்கு முன் தன் கொடுக்கைக் கோரைப்புல்லால் கட்டிக்கொள்ள வேண்டும். கடைசி விதி, கிளம்பிய பறவை நடுவில் எங்கேயும் இறங்கக் கூடாது.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் எங்கே போனாலும் பேரேரிக்கு வந்து, பறவை மாறித்தான் போக வேண்டும். ஒருநாள் ஒரு கிழட்டு ஆமை கரையில் உட்கார்ந்து கத்தியது.

"ஏம்ப்பா, நான் போக வேண்டியது எங்க குட்டைக்கு அடுத்த குட்டைக்கு! என்னை எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க? நடந்திருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன்!"

"நடந்திருந்தா மேகத்தை இவ்வளவு பக்கத்துல பார்த்திருப்பீங்களா அண்ணே?" என்றார் நாமக்கோழியார்.

ஆமை யோசித்தது. அது சரிதான் போலிருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டது. நாமக்கோழியார் பேச்சு அப்படி!

அந்தக் கூட்டத்திலேயே கெட்டிக்காரப் பறவை கடம்பன் என்ற கூழைக்கடா. எதிர்காற்றில் கூட அவன் பை ஆடாது. இறங்கும்போது தண்ணீர் தெறிக்காது. "கடம்பன் வந்தா ஏறுவோம், இல்லேன்னா காத்திருந்து போறோம்" என்று சொல்லும் பயணிகள் இருந்தார்கள். அதைக் கேட்கும்போது அவனுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

கடம்பனுடைய கூடு பேரேரியில் இல்லை. தெற்கே நாவல் குட்டை என்று ஒரு சின்னக் குட்டை. அதன் நடுவில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரத்தில் அவன் மனைவி அலரி முட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். குட்டையில் அந்த வருஷம் மீன் குறைவு. அதனால்தான் அவன் வேலைக்கு வந்தான். அவனுக்குக் கூலியாகக் கிடைக்கும் மீனை மீன்கொத்தி கூட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடும்.

"முட்டை பொரியறதுக்குள்ள வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தான்.

"வராட்டி?" என்று கேட்டாள் அலரி.

"வராம எங்க போவேன்? இதோ இங்கதானே இருக்கு பேரேரி!" என்றான்.

இங்கேதான் இருந்தது. அதுதான் கொடுமை. கடம்பனுக்குக் கிடைத்த தடம் பேரேரியிலிருந்து கடலோர உப்பங்கழிக்கு. அந்தத் தடம் நாவல் குட்டையின் நேர் மேலே போனது!

தினமும் மொட்டைப் பாறை தாண்டும், பனைவரிசை தாண்டும், பிறகு கீழே கையகலத்துக்கு அந்தக் குட்டை பளபளக்கும். நடுவில் கருவேல மரம். மரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதுதான் அலரி. கடம்பனுக்கு அப்படியே இறங்கிவிடலாம் போலிருக்கும். இறங்க முடியாது. குட்டையோ சின்னது. பாரத்தோடு இறங்கினால் மறுபடி ஓடி எழும்ப அங்கே தண்ணீர் போதாது.

வாய் திறந்து கூப்பிடவும் வழியில்லை. அலகைத் திறந்தால் பயணிகள் கீழே விழுந்துவிடுவார்கள்!

அதனால் கொஞ்சம் தாழ்ந்து, ஒரு இறக்கையைச் சாய்த்துவிட்டுப் போவான். உடனே பைக்குள்ளிருந்து சத்தம் வரும்.

"ஏங்க, எதுக்கு இப்படிக் குடை சாயுறீங்க? வயித்தைப் பொரட்டுது!" என்று ஒரு அணில் கத்தும். "என் கொடுக்குக் கட்டு அவுந்து போச்சு! எல்லாரும் தள்ளி உக்காருங்க!" என்று ஒரு நண்டு அலறும். கடம்பன் பதில் சொல்ல முடியாமல் நிமிர்ந்து பறப்பான். வெள்ளைப் புள்ளி பின்னால் போய்விடும்.

உப்பங்கழியில் இறங்கினால் அது இன்னும் மோசம். பயணிகளை அழைத்துப் போக அவர்கள் வீட்டார் வந்து நிற்பார்கள். "வந்துட்டியா!" என்று கட்டிக்கொள்வார்கள். சிரிப்பார்கள், அழுவார்கள், ஏன் இளைத்துப் போனாய் என்று திட்டுவார்கள். கடம்பன் அலகைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான். எல்லோரும் போன பிறகு, பேரேரிக்குத் திரும்புகிற பயணிகள் வந்து பை நிறையும்வரை, அந்தத் துறையில் அவன் மட்டும் மிதப்பான்.

ஒருநாள் மீன்கொத்தி வந்து சொன்னது. "அண்ணே, நல்ல சேதி! முட்டை பொரிஞ்சிடுச்சு! பையன்! இப்பவே உங்களை மாதிரிப் பெரிய வாய்!"

கடம்பன் தலைகால் புரியாமல் நாமக்கோழியாரிடம் ஓடினான். "ஐயா, எனக்குக் குழந்தை பிறந்திருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"ரொம்ப சந்தோஷம்!" என்றார் நாமக்கோழியார். "ஆனா பாரு, மழைக்காலம். ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் குடும்பத்தோட சேர வேண்டிய நேரம். நீ கூட்டுக்குப் போயிட்டா இவங்களை யாரு கூட்டுல சேர்க்கிறது?"

கரையில் பெரிய கூட்டம் காத்திருந்தது. ஒரு தாய் எலி குட்டிகளைக் கட்டிக்கொண்டு அவனையே பார்த்தது. கடம்பன் அலகைத் திறந்து அவர்களை ஏற்றிக்கொண்டான்.

மழை நின்றது. "இப்ப போகட்டுமா ஐயா?" என்றான். "ரெண்டு பறவைக்கு இறக்கையில அடி. அது ஆறட்டும்" என்றார். ஆறியது. "இப்ப?" என்றான். "கழியில நண்டுகளோட கல்யாண சீசன். பை காலியே ஆகாது" என்றார். அவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. கொஞ்சம் பொறு என்றுதான் சொன்னார்.

மேலேயிருந்து பார்க்கும்போது இப்போது மரத்தில் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நாளாக நாளாகச் சின்னப் புள்ளி வளர்ந்தது. அது எப்படி இருக்கும், குரல் எப்படி இருக்கும் என்று கடம்பன் பறக்கும்போதெல்லாம் நினைத்துக்கொண்டான். இறகு முளைத்துவிட்டதா? அம்மா ஜாடையா, என் ஜாடையா? தன் குழந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாமல், ஊரார் குழந்தைகளைச் சுமந்துகொண்டு போனான்.

பிறகு மீன்கொத்தி ஒருநாள் அவசரமாக வந்தது.

"அண்ணே, பையன் கிளை நுனிக்கு வந்து நிக்கிறான். இறக்கையை அடிச்சு அடிச்சுப் பார்க்கிறான். இந்த வளர்பிறைக்குள்ள பறந்துடுவான்னு அண்ணி சொல்றாங்க. 'முதல் தடவை பறக்கிறப்ப அப்பா பக்கத்துல இருந்தா நல்லாயிருக்கும், இதுக்கு மேல நான் எதுவும் கேட்கலை'ன்னு சொல்லச் சொன்னாங்க."

கடம்பன் நேரே நாமக்கோழியாரிடம் போனான்.

"ஐயா, நாளைக்கு நான் கூட்டுக்குப் போறேன். நீங்க என்ன சொன்னாலும் சரி!"

"தாராளமாப் போ!" என்றார் நாமக்கோழியார்.

கடம்பனுக்கு நம்பவே முடியவில்லை. நன்றி சொல்லித் திரும்பினான். நாமக்கோழியார் தண்ணீரைக் காலால் அளைந்தபடி தனக்குள் பேசுவதுபோல் சொன்னார்.

"வடக்கே மலை ஏரிக்குப் புதுத் தடம் திறக்கிறோம். நாளைக்குத்தான் முதல் பறப்பு. முதல்ல போறவன்தான் இனிமே எல்லாப் பறவைக்கும் தலைவன். உன்னைத்தான் நினைச்சு வெச்சிருந்தேன். பரவாயில்லை. மருதன் போகட்டும்."

மருதனா! போன மாதம் பாறையைக் கரை என்று நினைத்து ஒரு ஆமையை அதன்மேல் இறக்கிவிட்ட மருதனா தலைவன்? கடம்பன் நின்றான். எல்லாப் பறவைக்கும் தலைவன் என்ற சொல் காதிலேயே நின்றது. வளர்பிறை முடிய இன்னும் நாள் இருக்கிறதே என்று மனசு கணக்குப் போட்டது. நாமக்கோழியார் பறக்காவிட்டாலும் பறக்கிறவர்களின் மனசு அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த ஒரு தடவை போயிட்டு வந்துடறேன் ஐயா" என்றான் கடம்பன்.

"உன் இஷ்டம்!" என்றார் நாமக்கோழியார்.

மலை ஏரியில் ஏக வரவேற்பு. தாமரைப் பூக்களைக் கோத்து அவன் கழுத்தில் போட்டார்கள். "தலைவர் கடம்பன்!" என்று கூவினார்கள். அன்று மலைக்காற்று திரும்பியது. எதிரே பறக்கவே முடியவில்லை. இன்றைக்கு நிற்கும், நாளைக்கு நிற்கும் என்று கடம்பன் காத்துக் கிடந்தான். கழுத்தில் பூ வாடியது. மேலே நிலா முழுசாகிவிட்டது.

அவன் கொண்டுபோய் விட்ட பயணிகளில் ஒரு தவளை. அது துறையிலேயே குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது. அதன் பொடிக்குட்டி ஒன்று முதன்முதலாகக் கல்லிலிருந்து தண்ணீருக்குத் தாவியது. தப்பும் தவறுமாக, பாதியில் கவிழ்ந்து விழுந்தது. "பார்த்தியாப்பா? நான் குதிச்சதைப் பார்த்தியா?" என்று கத்தியது. "பார்த்தேன்டா கண்ணு! நல்லாப் பார்த்தேன்!" என்றது தவளை.

கடம்பன் வழக்கம்போல வேறு பக்கம் பார்க்க முயன்றான். முடியவில்லை. பெரிய தலைவர், கழுத்தில் மாலையோடு, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

காற்று தணிந்ததும் ஒரே மூச்சில் பேரேரிக்குப் பறந்தான்.

"நான் கூட்டுக்குப் போறேன்" என்றான்.

"எப்போ வருவே?" என்றார் நாமக்கோழியார்.

"வரலை."

நாமக்கோழியார் தடுக்கவில்லை, கோபிக்கவில்லை. "சரி" என்றார். கரைப் பக்கம் திரும்பி, "உப்பங்கழிக்கு வேற ஆள் யாருப்பா சும்மா இருக்கீங்க?" என்று கேட்டார். ஒரு புதுப் பறவை துள்ளிக்கொண்டு வந்தது.

கடம்பன் முதல் தடவையாகக் காலிப் பையோடு தெற்கே பறந்தான். இனி யாரும் விழுந்துவிடுவார்கள் என்ற பயமில்லை. பனைவரிசை தாண்டும்போதே வாயைத் திறந்து, "அலரி! அலரி!" என்று கத்தினான். எத்தனையோ நாள் அடக்கி வைத்த குரல் கரகரவென்று வந்தது.

கருவேல மரத்தில் அலரி இல்லை. கிளை நுனியில் வாட்டசாட்டமாக ஒரு இளம் கூழைக்கடா உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தான். கடம்பன் பக்கத்துக் கிளையில் இறங்கினான். அது அவன் மகன். அம்மா ஜாடை.

"யாருங்க நீங்க? அம்மா மீனுக்குப் போயிருக்காங்க" என்றான் இளையவன் மரியாதையாக.

"தம்பி... நீ பறந்துட்டியா?" என்று கேட்டான் கடம்பன்.

"அதெல்லாம் பௌர்ணமிக்கு முன்னாடியே!"

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"எங்கப்பா!" என்றான் இளையவன் பெருமையாக. "தினம் மேல போவாரு. அவரு இறக்கை அடிக்கிறதைப் பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன்."

கடம்பன் கிளையில் ஒரு அடி நகர்ந்து போனான். "கண்ணு, நான்தான்டா உன் அப்பா. வந்துட்டேன்."

இளையவன் அவனை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான்.

"போங்க ஐயா, விளையாடாதீங்க! எங்கப்பா கீழே இறங்க மாட்டாரு. அவரு மேலே போறவரு. அதோ பாருங்க, வந்துட்டாரு!"

பனைவரிசைக்கு மேலே ஒரு கூழைக்கடா வந்துகொண்டிருந்தது. பை நிறையப் பயணிகளோடு, காலையில் சேர்ந்த அந்தப் புதுப் பறவை. அது இவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இளையவன் கிளை நுனிக்கு ஓடி, இரண்டு இறக்கையையும் விரித்து, "அப்பா! அப்பா!" என்று அது கண்ணுக்கு மறையும் வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான். கடம்பன் அவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஊரையெல்லாம் வீடு சேர்ப்பது நல்ல வேலைதான். ஆனால் நமக்காகக் காத்திருப்பவர்களின் நாளை இன்னொரு நாளுக்குத் தள்ளிக்கொண்டே போனால், நாம் வந்து நிற்கும்போது அவர்கள் நாம் இல்லாமலே வாழக் கற்றிருப்பார்கள்.